அழகு என்னும் பதம்: வாதத்திற்கு முன் ஒரு விசாரம்

அடியேன் குடும்பத்தார் தலைமுறையாகக் கைங்கர்யம் செய்துவரும் சிறிய பெருமாள் கோயில் ஒன்றில், சென்ற மார்கழி கழிந்தபின் ஊரார் கூடிப் பேசினார்கள். மூலவர் சிலாத் திருமேனி. எத்தனையோ காலம் திருமஞ்சனமும் எண்ணெய்க்காப்பும் கண்டு, திருமுகத்தின் வரிகள் தேய்ந்திருக்கின்றன. திருக்கண்களின் ஓரமும் திருவதரத்தின் கோடும் தீப ஆரத்தியில் முன்போல் துலங்குவதில்லை. "அழகு போய்விட்டது, புதிதாகச் செய்து ப்ரதிஷ்டை செய்துவிடலாம்" என்றார் செலவை ஏற்க முன்வந்த ஒரு அன்பர். சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "கலை என்று பார்த்தால் இப்போதிருப்பதுதான் அழகு, புதிது செய்தால் அந்த அழகு வராது" என்றார். அடியேன் பொறுமையிழந்து, "எம்பெருமானுக்கு அழகு குறையுமோ?" என்று உரக்கக் கேட்டேன். இரண்டு நாழிகைக்குமேல் வாதம் நடந்தது. எவரும் எவரையும் மறுக்கவில்லை என்பது வேங்கிக்காலுக்குத் திரும்பும் பேருந்தில்தான் அடியேனுக்குப் புலப்பட்டது. முதல்வர் சொன்னது சிற்பியின் வேலைப்பாட்டை. இரண்டாமவர் சொன்னது பழமையால் ஏறிய ஒரு சாயலை. அடியேன் சொன்னது திவ்ய மங்கள விக்ரஹத்தின் குணத்தை. மூன்றுக்கும் ஒரே சொல்லை வழங்கினோம். அவ்வளவே.

ந்யாய சாஸ்த்ரத்தில் வாத்ஸ்யாயனர், சாஸ்த்ரம் செல்லும் வழி மூன்று என்று காட்டுகிறார்: உத்தேசம், லக்ஷணம், பரீக்ஷை. பொருளைப் பெயரிட்டுச் சொல்லுதல். அதற்கு இலக்கணம் கூறுதல். பின்பே அவ்விலக்கணம் பொருந்துமா என்று ஆராய்தல். நாங்கள் முதலிரண்டையும் தாண்டிப் பரீக்ஷையில் குதித்தோம். அப்படிக் குதிப்பவர்களுக்கு நேர்வதை அதே சாஸ்த்ரம் சலம் என்னும் தலைப்பில் கூறுகிறது. ஒருவன் 'நவ கம்பளம்' உடையவன் என்றால் புதிய கம்பளம் உடையவன் என்பது சொன்னவன் கருத்து. எதிரியோ நவ என்பதற்கு ஒன்பது என்று பொருள் கொண்டு, "ஒன்பது எங்கே, ஒன்றுதானே இருக்கிறது" என்கிறான். இது வாக்சலம். தெரிந்தே செய்தால் குற்றம்; தெரியாமல் செய்தால் பரிஹாஸத்துக்கு இடம். எங்கள் கூட்டத்தில் நடந்தது இரண்டாவது. அடியேன் பள்ளிக்கூடம் போனவனல்லன். திண்ணையில் தர்க்க ஸங்க்ரஹம் சொல்லிவைத்த தகப்பனார், எந்தக் கேள்வி கேட்டாலும், "எந்த அர்த்தத்தில் கேட்கிறாய்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார். எழுபது வயதுக்குமேல் அதை மறந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறேன்.

நம் ஸம்ப்ரதாயத்தின் வரலாற்றிலேயே ஒரு பெரிய பிரிவு, அழகைப் பற்றிய ஒரு பதத்தின் பொருளில்தான் தொடங்கிற்று. சாந்தோக்யம் ஆதித்ய மண்டலத்துப் புருஷனின் திருக்கண்களுக்கு உவமை கூறுமிடத்தில் வரும் 'கப்யாஸம்' என்னும் சொல்லை யாதவப்ரகாசர் விளக்கியவிதமும், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இளையாழ்வாரின் கண்ணீர் குருவின் தொடையில் விழுந்த கதையும் குருபரம்பரையால் நாமெல்லாரும் அறிந்தவை. கதையில் கண்ணீரே நம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. அடியேனுக்குப் பெரிதாகத் தோன்றுவது கண்ணீருக்குப் பின் அவர் செய்தது. அந்த உவமை தாழ்ந்தது என்று அவர் சினந்து நிற்கவில்லை, பதத்தைப் பிரித்தார். கம் என்பது நீர். அதைப் பருகுபவன் கபி, அதாவது ஸூர்யன். அவனால் மலர்த்தப்பட்டது கப்யாஸம். வேதார்த்த ஸங்க்ரஹத்தில் இது மூன்று வகையாகவும் பலித்திருக்கிறது: ஆழ்ந்த நீரில் தோன்றியது, செழித்த தண்டின்மேல் நிற்பது, கதிரவன் கிரணத்தால் அலர்ந்தது. நேர்மைக்காக ஒன்று சொல்லவேண்டும். சங்கரரும் இங்கே தாழ்ந்த உவமை என்னும் குற்றம் வரும் என்பதை உணர்ந்தே இருந்தார். உவமிக்கப்பட்டது தாமரை, கண்களுக்கு உவமை அத்தாமரை, ஆகவே குற்றமில்லை என்று ஸமாதானமும் கூறினார். இருவரும் ஒரே இடறலைக் கண்டவர்கள். ஒருவர் வாக்யத்தின் அமைப்பில் பரிஹாரம் தேடினார். எம்பெருமானார் பதத்திலேயே தேடினார். பதார்த்தம் தெளிந்தால் வாக்யார்த்தத்துக்கு வக்காலத்து வேண்டியதில்லை.

அவ்வாறு பதத்தைப் பிரித்துக்காட்டும் பழக்கத்தை எம்பெருமானார் கத்யத்திலும் காண்கிறோம். திவ்ய ரூபத்தின் குணங்களை அடுக்குமிடத்தில் ஸௌந்தர்யம் என்றும் லாவண்யம் என்றும் இரண்டையும் தனித்தனியே அருளிச்செய்திருக்கிறார். தமிழில் சொல்லப் புகுந்தால் இரண்டையும் 'அழகு' என்றே சொல்லிவிடுவோம். அப்போது ஒன்று மிகையாகிவிடும். வ்யாக்யாதாக்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஸௌந்தர்யம் அவயவ சோபை. லாவண்யம் ஸமுதாய சோபை. அதாவது, முந்தியது ஒவ்வொரு திருவவயவத்திலும் தங்கும் அழகு. பிந்தியது அவையெல்லாம் சேர்ந்த மொத்தத்தில் விளங்குவது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதே அடுக்கில் நாசிக்கு விஷயமான ஸௌகந்த்யமும், ஸ்பர்சத்துக்கு விஷயமான ஸௌகுமார்யமும் இடம்பெற்றிருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் 'அழகு' என்ற மூவரும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே நினைத்துப் பேசினோம். அக்கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் கண் தெரியாத மூதாட்டி ஒருத்தி உண்டு. திருத்துழாய் கையில் விழுந்தவுடன் அவள் முகம் மாறுவதை அர்ச்சகர் வாரந்தோறும் பார்க்கிறார். தேய்ந்த வரிகளைப் பற்றி அவளை எவரும் கேட்கவில்லை.

ஸௌந்தர்ய லாவண்யப் பிரிவு வெறும் நிகண்டு வேலை அன்று என்பதற்கு அமலனாதிபிரானே சாட்சி. திருப்பாணாழ்வார் திருவடியில் தொடங்குகிறார். திருப்பீதாம்பரம், திருவுந்தி, உதரபந்தம், திருமார்பு, திருக்கழுத்து, திருப்பவளம், திருக்கண்கள் என்று ஒவ்வொன்றாக ஏறுகிறார். எட்டுப் பாசுரம் வரையில் அவயவ சோபை. ஒன்பதாவதில் எந்த அவயவமும் தனியே நிற்கவில்லை. நீலத் திருமேனி முழுவதும் அவர் நெஞ்சைக் கொண்டுபோகிறது. பத்தாவதில் கண்கள் இனி வேறொன்றைக் காணா என்று முடிந்துபோகிறது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே உள்ள இடைவெளியே ஸௌந்தர்யத்துக்கும் லாவண்யத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் சொல்லும் வாசகனுக்கு ஒன்பதாம் பாசுரம் கூறியது கூறலாகவே தோன்றும். அப்படி ஒருவர் பேசவும் அடியேன் கேட்டிருக்கிறேன்: "எல்லா அங்கங்களையும் சொல்லிவிட்டபின் திரும்ப ஒரு தொகுப்பு" என்றார். தொகுப்பு அன்று அது. எட்டையும் கூட்டினால் ஒன்பது வராது.

லாவண்யம் என்பதற்கு லவணம், உப்பு, அடி. உப்பு தனியே கண்ணுக்குத் தெரியாது. பதார்த்தம் முழுவதும் பரவியிருக்கும். இல்லாதபோதுதான் எங்கே போயிற்று என்று தேடுவோம். திருமடைப்பள்ளியில் நின்றவர்களுக்கு இதற்கு வேறு வ்யாக்யானம் வேண்டாம். ஆலங்காரிகர்கள் இதை முத்தின் உள்ளே ததும்பும் ஒளிக்கு ஒப்பிடுவார்கள். ரத்தினம் பார்ப்பவர்கள் நீரோட்டம் என்று சொல்வதும் அதையே.

இதை எழுதிவரும்போது திருவண்ணாமலையில் வசிக்கும் சைவப் புலவர் ஒருவர், அடியேனுக்கு நெடுநாள் நண்பர், ஒரு நாள் மாலை வந்து, "இது உங்கள் வடமொழியில் மட்டும் உள்ளதென்று நினைக்கவேண்டாம்" என்று தொல்காப்பியச் செய்யுளியலை எடுத்து வைத்தார். முப்பத்து நான்கு செய்யுளுறுப்புகளில் கடைசி எட்டும் வனப்பு எனப்படுவன. அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. இங்கே வனப்பு என்பது பொதுப் பெயர். அழகு என்பது அவ்வெட்டில் ஒன்று. செய்யுளுக்குரிய சொற்களால் புனைந்து யாக்கப்படும் வகைக்கு மட்டும் உரிய பெயர். இன்று நாம் வழங்கும் வழக்குக்கு இது முற்றிலும் தலைகீழ். பேராசிரியர் வனப்புக்கு உரை கூறும்போது, உறுப்புகள் பலவும் திரண்டவிடத்துப் பெறப்படும் ஓர் அழகு என்னும் கருத்தை வைக்கிறார். ஸமுதாய சோபை என்னும் வடசொற்றொடருக்கு இதைவிடத் தெளிந்த தமிழ் இல்லை. காச்மீரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் காவ்யத்தில் த்வனி என்பது யாது என்று விளக்கப் புகுந்து, ப்ரஸித்தமான அவயவங்களுக்கு மேற்பட்டு மாதரிடம் விளங்கும் லாவண்யம் போல என்றுதான் த்ருஷ்டாந்தம் கூறினார். செய்யுளுக்கு உரையிட்டவரும், த்வனிக்கு இலக்கணம் கூறியவரும், எம்பெருமான் திருமேனியை அநுபவித்தவர்களும் ஒரே வேறுபாட்டைப் பற்றி நிற்கிறார்கள். யார் யாரிடம் கொண்டார்கள் என்னும் ஆராய்ச்சி அடியேனுக்கு இங்கே தேவையில்லை. இவ்வேறுபாட்டை இழந்த மொழியில் அழகைப் பற்றி வாதிடமுடியாது என்பதற்கு மூன்று சாட்சிகள் போதும்.

அலங்காரம் என்னும் சொல்லின் நிலை இன்னும் சிக்கலானது. வாமனர் தம் காவ்யாலங்கார ஸூத்ரத்தின் தொடக்கத்திலேயே அதை இரண்டாகப் பிரித்துவிட்டார். பாவ வ்யுத்பத்தியால் அலங்காரம் என்பது ஸௌந்தர்யமே. கரண வ்யுத்பத்தியால் அந்த ஸௌந்தர்யத்தை உண்டாக்கும் உவமை முதலானவை. முந்தியது பலன், பிந்தியது கருவி. "இன்று அலங்காரம் வெகு நேர்த்தி" என்று கோயிலில் ஒருவர் சொன்னால், சாற்றிய கையைப் புகழ்கிறாரா, சாற்றிய பொருளைப் புகழ்கிறாரா, அதனால் விளைந்த சேவையைப் புகழ்கிறாரா என்பது அவருக்கே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், நம் கோயில் வழக்கில் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. செய்கைக்குச் சாத்துபடி, பொருளுக்குத் திருவாபரணம், திருப்பரிவட்டம், திருமாலை, காண்பவன் பெறுவதற்குச் சேவை. பரிசாரகர்களும் அர்ச்சகர்களும் குழம்பாத இடத்தில், புத்தகம் படித்த நாம்தான் ஒரு பொதுச்சொல்லைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறோம்.

ஆபரணம் அழகைச் சேர்க்கிறதா என்னும் கேள்வியை நம்மாழ்வார் கேட்டிருக்கிறார். அதுவும் அழகையே திருநாமமாக உடைய திருமாலிருஞ்சோலை எம்பெருமானிடம். திருவாய்மொழி மூன்றாம் பத்தின் முதல் திருவாய்மொழியில், திருமுகத்தின் ஒளியே திருவபிஷேகமாக மலர்ந்ததோ, திருவடியின் ஒளியே ஆஸன பத்மமாக அலர்ந்ததோ, திருவரையின் ஒளியே பீதாம்பரமும் பல திருவாபரணங்களுமாகக் கலந்ததோ என்று வினவி, நீயே சொல் என்று அவனிடமே விட்டுவிடுகிறார். கேள்வியின் கட்டுக்கோப்பைப் பார்க்கவேண்டும். கிரீடம் திருமுகத்துக்கு அழகு தருகிறதா என்று அவர் கேட்கவில்லை. அது திருமுகத்தினின்று தோன்றிற்றா என்று கேட்கிறார். கருவி எது, பலன் எது என்று நாம் பிரிக்கும் எல்லையே அங்கே ஐயத்துக்கு உரியதாகிறது. திருப்பாணாழ்வார் பீதாம்பரத்தையும் உதரபந்தத்தையும் அவயவங்களின் வரிசையிலேயே வைத்ததற்கும் இதனால் ஒரு கருத்துத் தெரிகிறது. ஆனால் வாமனரைப் போல முதலில் இரண்டையும் பிரித்து அறிந்தவனுக்குத்தான் ஆழ்வாரின் ஐயம் ஐயமாகப் புரியும். பிரிக்காதவனுக்கு அது வெறும் புகழ்ச்சி.

இனி 'கலை'. சந்திரனின் பதினாறில் ஒரு கூறு கலை, ஆடை கலை, ஆண்மான் கலை, வித்யை கலை, வடகலை, தென்கலை என்னும்போது வேறொரு பொருள். சித்திரமும் சிற்பமும் கீதமும் ஒரு தனி இனம் என்று கருதி அந்த இனத்துக்கு மட்டும் இப்பெயரை வழங்குவது ஐரோப்பியக் கருத்து நம்மிடம் வந்தபின் அமைந்த வழக்கு. அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் மாலை தொடுத்தலும் உண்டு, பாகம் செய்தலும் உண்டு என்பதை மட்டும் சொல்லி இதை விடுகிறேன்.

'அழகியல்' என்னும் புதுச்சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். இதற்கு மூலமான ஐரோப்பியச் சொல்லை 1735இல் பௌம்கார்டன் என்னும் ஜெர்மானியர் ஆக்கினார். கிரேக்க மொழியில் புலனுணர்வைக் குறிக்கும் பதத்திலிருந்து எடுத்தது. 'அழகு' அதன் அடியில் இல்லை. புலன்வழி அறிவைப் பற்றிய சாஸ்த்ரம் என்பது அவர் கருத்து. தமிழில் அதை ஆக்கியவர்கள் 'அழகு' என்பதை அடியாக வைத்தார்கள். கேள்வி தொடங்குமுன்பே விடையைப் பெயரில் எழுதிவிட்டார்கள். திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் இருட்டில் நின்றபோது நான்காவதாக ஒருவர் வந்தது நெருக்கத்தால் தெரிந்தது. விளக்கு பின்பு. காட்சி அதற்கும் பின்பு. புலனுணர்வு சாஸ்த்ரத்துக்கு அது முதல் உதாரணமாகும். அழகியலில் அதற்கு இடம் எங்கே என்று தேடவேண்டும்.

இந்த விஷயத்தில் நாம் மரியாதையோடு வாதிடவேண்டியவர் ஆனந்த குமாரஸ்வாமி. 1877இல் கொழும்பில், ஈழத்துத் தமிழரான ஸர் முத்து குமாரஸ்வாமிக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். 1918இல் வெளிவந்த 'தி டான்ஸ் ஆஃப் சிவா' என்னும் தொகுப்பில், அழகு என்பது ஒரு நிலை என்று ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். நாம் இங்கே வேண்டும் என்பதை அவர் செய்திருக்கிறார்: கண்ணுக்கு இனியதாயிருத்தல் வேறு, அழகு வேறு என்று முதலிலேயே பிரித்தார். இனிமைக்கு ஏற்றத்தாழ்வு உண்டு, அழகுக்கு இல்லை. அழகு பொருளிலே அளந்தெடுக்கக் கூடியது அன்று, அநுபவிப்பவனிடம் நிகழ்வது. ஆலங்காரிகர்களின் ரஸ ஸித்தாந்தத்தை அடியாகக் கொண்டு இதை நிறுவினார். எங்கள் ஊர்க் கூட்டத்தில் அவர் இருந்திருந்தால் பாதி வாதம் அங்கேயே அடங்கியிருக்கும்.

ஆனால் அவர் வழங்கும் 'அழகு' நம் பூர்வர்கள் வழங்கும் ஸௌந்தர்யம் அன்று. அது ரஸம். நமக்கு ஸௌந்தர்யமும் லாவண்யமும் விஷயத்தில் கிடக்கும் குணங்கள். ஸேவிப்பவன் இல்லாத நடுநிசியில், நடை சாற்றிய ஸந்நிதியிலும் அவை குறையற இருக்கின்றன. அநுபவம் என்பது சேதனனிடம் நிகழ்வது. இரண்டையும் இணைக்கும்படி பூர்வர்கள் போக்யதை என்றொரு பதத்தையும் வைத்தார்கள். அநுபவிக்கத் தக்கதாயிருக்கும் தன்மை, விஷயத்திலேயே இருப்பது, ஆனால் சேதனனை நோக்கியிருப்பது. குமாரஸ்வாமியின் சொல்லை ரஸம் என்று திருத்தி வாசித்தால் அவருக்கும் நமக்கும் உள்ள பிணக்கில் பெரும்பகுதி மறைகிறது. மறையாமல் நிற்பது ஒன்று: ரஸிகன் இல்லாவிடத்தில் என்ன எஞ்சுகிறது என்பது. அவர் வழியில் எஞ்சுவதற்குப் பெயரில்லை. நம் வழியில் எஞ்சுவது முழுவதும். அந்த ஒரு பேதத்தைப் பற்றி வாதிடலாம், வாதிடவும் வேண்டும். அவரை எடுத்துப் பேசுகிற நம்மவர்களோ, அவருடைய 'அழகு' என்னும் சொல்லைக் கத்யத்தின் ஸௌந்தர்யத்தின்மேல் அப்படியே வைத்து, எம்பெருமானின் குணத்தை உபாஸகனின் மனநிலையாக்கிவிடுகிறார்கள். பக்தியோடுதான் செய்கிறார்கள். விளைவு என்னவோ குணமில்லாத வஸ்து என்பதில் போய் முடிகிறது. அதை மறுக்கத்தானே ஸ்ரீபாஷ்யம்?

இங்கே ஒரு ஆக்ஷேபம் வரும். அர்ச்சாவதாரத்தின் உபாதான த்ரவ்யத்தை ஆராய்வது கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசனபூஷணம் கடுமையாக எச்சரிக்க, வரி தேய்ந்தது, கல், சிற்பி என்றெல்லாம் எழுதலாமா என்று. நியாயமான ஆக்ஷேபமே. திருக்கோவலூரில் உலகளந்த பெருமாள் மரத்தாலான திருமேனி என்பது ஊரறிந்தது. ஸேவிக்க நிற்கும் நாம் அதை நினைப்பதில்லை, நினைக்கவும் கூடாது. ஆனால் ஒரு காலத்தில் ஒரு சிற்பி எந்த மரம், எத்தனை நீளம், எங்கே முடிச்சு என்று பார்த்துத்தான் இருக்கவேண்டும். பாராவிட்டால் அவன் பிழை செய்தவனாவான். ப்ரதிஷ்டைக்கு முன் கடமையானது ப்ரதிஷ்டைக்குப் பின் அபசாரமாகிறது. பொருள் ஒன்று, காலமும் அதிகாரியும் வேறு, சொல்லும் வேறாகவேண்டும். ஆகையால்தான் நம் பெரியோர் சிலை என்று சொல்லாமல் திருமேனி என்றார்கள். விக்ரஹம் என்றும் சொன்னார்கள். அதற்கு உடல் என்றும், போர் என்றும், ஸமாஸத்தைப் பிரித்துக்காட்டுதல் என்றும் பொருள் உண்டு. எங்கள் கூட்டத்தில் மூன்றும் நடந்தன.

சுக்ர நீதிஸாரம் சிற்பத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இரு கட்சிகளைக் காட்டுகிறது. சாஸ்த்ரம் விதித்த அளவில் அமைந்ததே ரமணீயம் என்பது ஒன்று. எவன் நெஞ்சு எதில் பற்றுகிறதோ அதுவே அவனுக்கு ரமணீயம் என்பது மற்றொன்று. முன்னதைச் சிற்பிக்குச் சொன்னதாகவும், பின்னதை ஸேவிப்பவனுக்குச் சொன்னதாகவும் கொண்டால் இரண்டும் நிற்கும் என்பது அடியேன் எண்ணம். ஆகமமோ ரமணீயத்தைக் கேட்கவே இல்லை. ஜீர்ணமான திருமேனியில் அங்கத்துக்கு ஹானி உண்டா, உபாங்கத்துக்கா என்று பிரித்துப் பார்த்து அதற்கேற்ப விதி கூறுகிறது. 'அழகு குறைந்தது' என்னும் காரணம் அங்கே எடுபடாது.

தை கடைசியில் மறுபடி கூடினோம். அடியேன் முதலில் என் பிழையைச் சொல்லிவிட்டு, 'அழகு' என்னும் சொல்லை அன்று ஒருநாள் எவரும் வழங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சிரித்தார்கள், ஆனால் இசைந்தார்கள். சித்திர ஆசிரியர், தாம் சொல்ல வந்தது பழைய சிற்பமுறை அழிந்துபோகக் கூடாது என்பதே என்றார். செலவை ஏற்க வந்த அன்பர் சற்று நேரம் பேசாமலிருந்து, தம் தாயார் கடைசிக் காலத்தில் திருமுகம் தெரியவில்லையே என்று ஏங்கிப்போனதைச் சொன்னார். அதுவரையில் அவர் கேட்டது சேவை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்தபதி திருவிளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்து, அங்கஹானி ஏதுமில்லை, வரிகள் மழுங்கியிருப்பதே, திருமேனியை மாற்றுவதற்கு இடமில்லை என்றார். அர்ச்சகரும் அதை ஏற்றார். பிறகு அந்த அன்பர், அப்படியானால் திருமுகத்துக்கு ஒரு வெள்ளிக் கவசம் ஸமர்ப்பிக்கலாமா, அதில் திருக்கண்கள் துலங்குமே என்று கேட்டார். அது திருமுகத்தைக் காட்டுமா மறைக்குமா என்று அர்ச்சகர் திருப்பிக் கேட்டார். பங்குனி உத்தரம் ஆனபின் அதைப் பேசுவதாக இருக்கிறோம். அடியேன் திருவாய்மொழி மூன்றாம் பத்துக்கு ஈட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்துவருகிறேன்.